யார் எடுத்த முடிவு, யாரிடம் கேட்பது? அதிகாரப் பிரிவினை குறித்து வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலீஸ் ஸ்டேஷனில் பாண்ட், அதாவது நன்னடத்தை உறுதிமொழிப் பத்திரம், எழுதச் சொல்கிறார்கள். கவுன்சிலரைக் கேட்டால் கமிஷனரைக் கைகாட்டுகிறார். ஹைகோர்ட் உத்தரவு வாங்கி வந்தும் தெருவில் கழிவுநீர் அப்படியே நிற்கிறது. திருவொற்றியூரிலிருந்து புளியந்தோப்பு வரை வரும் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த முடிவை எடுத்தது எந்த அதிகாரம், அதைத் தட்டிக் கேட்கும் உரிமை வேறு எந்த அதிகாரத்துக்கு இருக்கிறது? அது தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

சட்டசபை, அரசு, கோர்ட் மூன்றும் தனித்தனி என்கிறார்கள். சென்னையில் எது எங்கே இருக்கிறது?

சட்டம் இயற்றும் சட்டமன்றமும், அந்தச் சட்டத்தை நடத்தும் தலைமைச் செயலகமும் ஒரே புனித ஜார்ஜ் கோட்டை வளாகத்தில் இருக்கின்றன. பாரிமுனையில் இறங்கினால் எதிரே உயர் நீதிமன்றம். 1862இல் தொடங்கிய நீதிமன்றம் அது. இப்போதைய செங்கல் கட்டடத்துக்கு 1892இல் வந்தது.

முதல் இரண்டும் ஒரே மதிலுக்குள் இருப்பது நடைமுறைக்கும் பொருந்துகிறது. நம் ஊரில் அமைச்சர்கள் சட்டமன்றத்திலிருந்துதான் வருகிறார்கள். 234 உறுப்பினர்களில் பெரும்பான்மை யாருக்கோ அவர்களே அரசு அமைக்கிறார்கள். முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2003இல் வந்த 91ஆவது திருத்தம் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு அது 35 பேர். ஆக, அரசைத் தட்டிக் கேட்க வேண்டிய சபையிலேயே அரசுக்குத்தான் பெரும்பான்மை. அதனால் இங்கே நீதிமன்றம், தேர்தல் ஆணையம், தணிக்கைத் துறை ஆகியவற்றின் சுதந்திரத்துக்குக் கூடுதல் மதிப்பு. அமெரிக்காவில் அதிபரின் அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. அந்த முறையை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்த்தால் குழப்பம்தான் வரும்.

"அதிகாரப் பிரிவினை" என்று அரசியலமைப்பில் எங்கே எழுதியிருக்கிறது?

அந்தப் பெயரில் ஒரு பிரிவும் கிடையாது. பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அரசுப் பணிகளில் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 50ஆவது பிரிவு. நீதிபதி தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தைச் சட்டமன்றத்தில் விவாதிக்கக் கூடாது என்கிறது 211. சபை நடவடிக்கையில் நடைமுறைக் கோளாறு என்று சொல்லி நீதிமன்றம் உள்ளே நுழையக் கூடாது என்கிறது 212. அரசியலமைப்பு இந்தப் பிரிவினையை முழு இறுக்கத்தோடு ஏற்கவில்லை, ஆனால் ஓர் உறுப்பு இன்னொன்றின் அடிப்படை வேலையை எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1955லேயே சொல்லிவிட்டது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் குலைக்க முடியாது என்றார்கள். அதிகாரப் பிரிவினையும் அந்தக் கட்டமைப்பில் அடக்கம் என்பது 1975இல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் உறுதியானது.

என் கையில் ஓர் உத்தரவு இருக்கிறது. எந்த அதிகாரம் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைப்பையும் முதல் பத்தியையும் படியுங்கள். "சட்டம்" என்று எண்ணும் ஆண்டும் இருந்தால் அது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றியது. இயற்றிய சபையைத் தவிர, அதைச் செல்லாது என்று அறிவிக்க உயர் நீதிமன்றத்தாலும் உச்ச நீதிமன்றத்தாலும்தான் முடியும். "விதிகள்" என்றால் சட்டம் கொடுத்த இடத்துக்குள் அரசு எழுதியது. தாய்ச் சட்டத்தைத் தாண்டினால் விழுந்துவிடும். "அரசாணை" என்றால் ஒரு துறையின் செயலாளர் அரசின் பெயரால் பிறப்பித்தது. "செயல்முறை ஆணை" என்றால் ஆட்சியர், ஆணையர், வட்டாட்சியர் போன்ற ஓர் அதிகாரியுடையது. மாநகராட்சி மன்றம் எடுப்பது "தீர்மானம்".

அடுத்து, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் என்று உத்தரவில் இருக்கிறதா பாருங்கள். பிரிவே குறிப்பிடாத உத்தரவு பலவீனமானது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.

போலீஸ் பிடித்தால் எத்தனை நேரம் வைத்திருக்கலாம்?

24 மணி நேரம். வழிப்பயண நேரம் இதில் சேராது. அதற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு இது. பிடிப்பது நிர்வாகம், தொடர்ந்து உள்ளே வைக்கலாமா என்று முடிவெடுப்பது நீதித்துறை. போலீஸ் அடித்திருந்தால், நடுவர் முன் நிறுத்தும்போது அங்கேயே சொல்ல வேண்டும்; காயத்தைப் பதிவு செய்ய வைக்கச் சரியான நேரம் அதுதான். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் மனு போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

பையன் மேல் "110 போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். இதில் அதிகாரப் பிரிவினை எங்கே வருகிறது?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இது. வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் இந்த எண்ணைக் கேட்காத தெரு குறைவு.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107 முதல் 110 வரையிலான பிரிவுகள், குற்றம் நடக்கும் முன்பே நன்னடத்தைக்கு உறுதி எழுதி வாங்குபவை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 126 முதல் 129 வரை. பழைய 107, இப்போதைய 126, அமைதியைக் கெடுக்கக்கூடும் என்பவருக்கு. பாண்ட் ஓராண்டு வரை. பழைய 110, இப்போதைய 129, வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று சொல்லப்படுபவருக்கு. மூன்று ஆண்டு வரை.

நடக்க வேண்டிய முறை இப்படி. காவல்துறை நிர்வாக நடுவரிடம் அறிக்கை கொடுக்கும். அவர் எழுத்தில் ஓர் உத்தரவு போட வேண்டும். வந்த தகவலின் சாரம், பாண்ட் தொகை, காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு சம்மன், விசாரணை. விசாரணை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகுதான் இறுதி உத்தரவு. ஸ்டேஷன் மேசையில் வைத்து இன்ஸ்பெக்டர் வாங்கும் கையெழுத்து இந்த முறையில் எங்குமே வராது. வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத அச்சுப் படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். மாவட்டங்களில் நிர்வாக நடுவர் என்றால் வட்டாட்சியரும் கோட்டாட்சியரும். 2013, 2014இல் வந்த இரண்டு அரசாணைகள் அந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடம் கொடுத்தன. அதாவது அறிக்கை கொடுப்பது போலீஸ், விசாரிப்பதும் போலீஸ், பாண்டை மீறினாய் என்று சொல்லி மீதிக் காலத்துக்குப் புழல் சிறைக்கு அனுப்புவதும் போலீஸ். வழக்கு போட்டவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்தால் எதிரே நிற்பவர் என்ன சொன்னாலும் காதில் விழாது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகளை ரத்து செய்தது. அதிகாரப் பிரிவினைக்கும் 50ஆவது பிரிவுக்கும் முரண் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பாண்டை மீறியதற்காக நிர்வாக நடுவர் தாமாகவே சிறைக்கு அனுப்ப முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆகவே உத்தரவு வந்ததும் பார்க்க வேண்டியவை: கையெழுத்து யாருடையது, என்ன பதவி, தகவலின் சாரம் எழுதப்பட்டிருக்கிறதா அல்லது வெறும் பிரிவு எண் மட்டும்தானா, விசாரணை தொடங்கி எத்தனை மாதமாகிறது, உங்கள் பதிலைக் கேட்டதற்குப் பதிவு உண்டா. இதில் ஒன்று பிசகினாலும் உயர் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கலாம்.

குண்டாஸ் போட்டால் கோர்ட்டே கிடையாதா?

உண்டு, ஆனால் பாதை வேறு. குண்டாஸ் என்பது குண்டர் தடுப்புச் சட்டம், 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டம். விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது. சென்னையில் காவல் ஆணையர் போடுவார். எண்ணூர், மணலி பக்கம் ஆவடி ஆணையரகம். மற்ற மாவட்டங்களில் ஆட்சியர். இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒரே கையில் கொடுத்ததால்தான் அதைச் சுற்றிக் கெடு தேதிகளை வைத்தார்கள்:

- பிடித்து வைத்த காரணங்களை 5 நாளில் எழுத்தில் தர வேண்டும்
- 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும், இல்லையென்றால் உத்தரவு காலாவதி
- 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு (அடைத்து வைக்கப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) அனுப்ப வேண்டும்
- பிடித்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். போதிய காரணமில்லை என்று கழகம் சொன்னால் விட்டே ஆக வேண்டும்

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (காவலில் இருப்பவரை விடுவிக்கக் கோரும் மனு) போட்டால் நீதிபதிகள் "இவர் நல்லவரா கெட்டவரா" என்று பார்ப்பதில்லை, நடைமுறையைப் பார்க்கிறார்கள். அதிகம் விழுவது மூன்று இடத்தில். முதலாவது, கைதியின் மனுவைப் பரிசீலிக்க அரசு எடுத்த தாமதம். மனு எந்த நாளில் வந்தது, கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, அமைச்சர் எந்த நாளில் கையெழுத்திட்டார் என்று தேதிவாரியாகக் கணக்குப் பார்ப்பார்கள். விடுமுறை நாள் போக விளக்கமில்லாத நாட்கள் மிஞ்சினால் உத்தரவு ரத்தாகலாம். இரண்டாவது, கொடுத்த ஆவண நகலில் எழுத்தே தெரியாதது, அல்லது கைதிக்குத் தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு இல்லாதது. மூன்றாவது, ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவர் ஜாமீனில் வர வாய்ப்பிருக்கிறது என்று போலீஸ் எழுதும்போது, அதற்கு ஆதாரமாக வைக்கும் "இதேபோன்ற வழக்கு" உண்மையில் அதேபோன்றதாக இல்லாதது.

அதனால் குடும்பத்தார் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை: கொடுத்த கட்டு முழுவதையும் பக்க எண்ணோடு பத்திரப்படுத்துங்கள், அரசுக்கு மனுவை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். பிறகு வழக்கே அந்தத் தேதியில்தான் நிற்கும். இன்னொன்றும் உண்டு. ரத்தாகும் உத்தரவு பெரும்பாலும் கைதி பல மாதம் உள்ளே கழித்த பிறகே ரத்தாகிறது. கட்டுப்பாடு எழுத்தில் இருந்தால் போதாது, நேரத்துக்குக் கிடைக்கவும் வேண்டும்.

சட்டசபையில் "110 விதியின் கீழ் அறிவிப்பு" என்பதும் இதுவா?

இல்லை, எண் மட்டும் ஒன்று. அது சட்டமன்ற நடத்தை விதிகளில் 110ஆவது. அதன்கீழ் அமைச்சர் அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. சபையின் கண்காணிப்பு அங்கே குறைகிறது. அறிவிப்பு வந்தாலும் நிதி ஒதுக்கி அரசாணை வெளிவரும்வரை வேலை தொடங்காது. "சபையில் சொன்னார்களே" என்று கேட்பதைவிட அரசாணை எண்ணைக் கேட்பது பலன் தரும்.

கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. யாரிடம் எதைக் கேட்க வேண்டும்?

தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உட்தெருச் சாலை என்றால் கவுன்சிலரும் மண்டல அலுவலகமும். வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் இருக்கின்றன. 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் எண் வாங்கிக்கொண்டு போங்கள். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு.

எம்.எல்.ஏ.வின் முதல் வேலை சட்டம் இயற்றுவதும் அரசைக் கேள்வி கேட்பதும். அதிகாரிக்கு உத்தரவு போடும் சட்ட அதிகாரம் அவருக்கு இல்லை. பரிந்துரைக்கலாம், சபையில் எழுப்பலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. சட்டம் இயற்றுபவர் செலவும் செய்வது அதிகாரப் பிரிவினைக்கு எதிரல்லவா என்று எம்.பி. நிதியை எதிர்த்து வழக்கே நடந்தது. உறுப்பினர் பரிந்துரைக்க மட்டும் செய்கிறார், அனுமதியும் செயலாக்கமும் மாவட்ட நிர்வாகத்திடம்தான் என்று சொல்லி 2010இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ஏற்றது. நிழற்குடையில் பெரிதாகப் பெயர் இருந்தாலும், தரம் மோசமென்றால் கேள்வி போக வேண்டியது வேலையை நிறைவேற்றிய துறைக்கு.

மாநகராட்சிக்குள்ளும் இந்தப் பிரிவினை உண்டா?

உண்டு. 1688இல் தொடங்கிய மாநகராட்சியில் இன்று 200 வார்டு. மன்றம் தீர்மானிக்கிறது, வரவு செலவுக்கு ஒப்புதல் தருகிறது. ஆணையர் நிறைவேற்றுகிறார், அவரை நியமிப்பது மாநில அரசு. மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கோப்பில் கையெழுத்தும் ஊழியர்மேல் பிடியும் ஆணையரிடம் இருப்பதால் மேயரின் அதிகாரம் பெயர் அளவுக்குப் பெரிதல்ல.

இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நகரமே பார்த்தது. முந்தைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல், மன்றத்தின் அதிகாரமும் ஆணையரின் அதிகாரமும் தனி அலுவலர் என்ற ஒரே நாற்காலியில். தீர்மானம் போடுவதும் அதை நிறைவேற்றுவதும் ஒருவரே. கேள்வி கேட்க ஒரு கவுன்சிலரும் இல்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யூ பிரிவு சொல்லியிருந்தும் இதுதான் நிலைமை. அடுத்த முறை காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வார்டு வரையறை, இட ஒதுக்கீட்டுப் பட்டியல் எல்லாம் தயாரா என்று நாம் கேட்கத் தொடங்க வேண்டும். வழக்குகள் கிளம்புவது அங்கிருந்துதான்.

ஹைகோர்ட் உத்தரவு வாங்கியும் வேலை நடக்கவில்லை. ஏன்?

முதலில் உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து, சட்டப்படி, இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்" என்று இருந்தால் நீங்கள் ஜெயித்தது பாதிதான். நீதிமன்றம் அதிகாரியைத் தூங்காதே என்றது. என்ன முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது நிர்வாகத்தின் இடம் என்று விட்டுவிட்டது. அதிகாரி எட்டாவது வாரம் "பரிசீலித்தோம், இயலாது" என்று எழுதினால் உத்தரவை மதித்தவர் ஆகிவிடுவார். அவமதிப்பு வழக்கு நிற்காது.

இதைத் தவிர்க்க, ஆரம்பத்திலேயே கவனம் வேண்டும். முதல் மனுவை எழுதும்போது "நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக முடிக்காதீர்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அந்த அதிகாரிக்கு இந்தக் கடமையைக் கொடுக்கிறது, எந்தத் தேதியில் மீறல், என்ன ஆதாரம் என்று எண்ணிட்டு எழுதுங்கள். அப்போதுதான் மறுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் வரும். காரணமில்லாத மறுப்பை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது ரிட் மனு போடலாம். அந்தச் சுற்றில்தான் பெரும்பாலும் உண்மையான தீர்வு கிடைக்கிறது.

குறிப்பாக "அகற்ற வேண்டும்", "வழங்க வேண்டும்" என்று உத்தரவிருந்தும் செய்யவில்லை என்றால் அவமதிப்பு வழக்கு. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டுக்குள் போட வேண்டும். தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உத்தரவு நகலை அதிகாரிக்குச் சேர்ப்பித்த அத்தாட்சி இல்லாததால் தோற்பவர்கள் ஏராளம்.

எண்ணூர் வாயுக்கசிவு போன்றவற்றில் பசுமைத் தீர்ப்பாயம் எந்தப் பக்கம்? கோர்ட்டா, அரசா?

2010இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான தீர்ப்பாயம் அது. நீதித்துறை உறுப்பினரும் துறை வல்லுநரும் சேர்ந்து அமர்வார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் கடற்கரைக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியபோது, தென்மண்டல அமர்வு யாரும் மனு போடாமலே வழக்காக எடுத்தது. அப்படித் தானாக எடுக்கும் அதிகாரம் உண்டா என்ற சந்தேகத்தை 2021 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது.

நீங்களே போவதென்றால்: தொழிற்சாலைக்கு அனுமதி கொடுப்பதும் கண்காணிப்பதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அது நிர்வாகம். முதல் புகார் அங்கே. பலனில்லை என்றால் தீர்ப்பாயம். சுற்றுச்சூழல் தகராறு என்றால் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள், இழப்பீடு கேட்டால் ஐந்து ஆண்டுக்குள், அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாளுக்குள். தக்க காரணம் இருந்தால் ஒவ்வொன்றிலும் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அந்த 30 நாளைத்தான் கோட்டைவிடுகிறார்கள். அனுமதி இணையத்தில் வெளியான தேதியைத் திரைப்பிடிப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட் தடை செய்ததை அரசு சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவரலாமா?

ஓர் எல்லைவரை முடியும். தீர்ப்பு எந்தச் சட்ட அடிப்படையில் நின்றதோ அந்த அடிப்படையைச் சட்டமன்றம் மாற்றலாம். "இந்தத் தீர்ப்பு செல்லாது" என்று நேரடியாக எழுத முடியாது. அது நீதிபதியின் வேலையைச் சபை செய்வதாகும்.

இதற்கு முதல் பெரிய உதாரணமே நம் ஊருடையது. சாதி, மத வாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ரத்து செய்தன. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி திறந்தது. ஜல்லிக்கட்டும் இதே பாதைதான்: 2014 மே 7 தடை, 2017 ஜனவரியில் அவசரச் சட்டம், உடனே சட்டமன்றச் சட்டம், 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்பு.

எல்லை எங்கே என்பதையும் பாரிமுனை வளாகத்தைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் சங்கமே காட்டியது. தீர்ப்பாய உறுப்பினர்களின் பதவிக்காலத்தை நான்காண்டாகக் குறைத்த அவசரச் சட்டப் பிரிவை 2021 ஜூலையில் மெட்ராஸ் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதே ஏற்பாட்டைச் சட்டமாக்கியது. அடிப்படையை மாற்றாமல் பழையதையே திரும்ப எழுதியதால் 2025 நவம்பரில் அதுவும் விழுந்தது.

அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் (நீதிமன்றம் ரத்து செய்யாதபடி காக்கச் சட்டங்களைச் சேர்க்கும் பட்டியல்) வைத்துவிட்டால் தொட முடியாது என்ற நம்பிக்கையும் முழுச் சரியல்ல. கூடலூர் ஜென்ம நிலங்கள் தொடர்பான கொயல்ஹோ வழக்கில், 1973 ஏப்ரல் 24க்குப் பின் அதில் சேர்ந்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்டு சோதிக்கலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 1994இல் சேர்ந்த நம் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும்.

ஆளுநர் மசோதாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நாள் கணக்கு அரசியலமைப்பில் இல்லை. 200ஆவது பிரிவு "கூடிய விரைவில்" என்கிறது. 2023 நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்த, 18ஆம் தேதி சட்டமன்றம் அவற்றை மறுபடி நிறைவேற்ற, ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது, கால வரம்பும் வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் வேறுவிதமாகக் கருத்துச் சொன்னார்கள்: நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் முடியாது, ஆனால் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் அப்படியே முடக்கவும் முடியாது, விளக்கமில்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். மக்கள் தேர்ந்தெடுத்த சபை இரண்டு முறை நிறைவேற்றியது மாதக்கணக்கில் காத்திருக்க இது இடம் வைத்துவிடுகிறது. அரசியலமைப்புத் திருத்தத்தால் நாள் குறிப்பதுதான் நேர்வழி.

சபாநாயகர் முடிவைக் கோர்ட் தொடலாமா?

சபை நடத்துவதில் முடியாது. கட்சித் தாவல் தகுதி நீக்கத்தில் முடியும். அப்போது அவர் தீர்ப்பாயம்போல நடக்கிறார் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரம்பூர்காரர்களுக்கு இது நேரடி அனுபவம். 2017 செப்டம்பரில் தகுதி நீக்கப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் பெரம்பூர் உறுப்பினரும் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள்; மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18. அதுவரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. கட்சிக்காரரான ஒருவரிடம் இந்த நீதி வழங்கும் வேலையைக் கொடுத்திருப்பது நம் அமைப்பின் பலவீனமான மூட்டு.

ஆர்.கே. நகர் தேர்தலை நிறுத்தியது யார்?

தேர்தல் ஆணையம், 324ஆவது பிரிவின் அதிகாரத்தில். 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய வாக்குப்பதிவை, வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதைக் காரணம் காட்டி மூன்று நாள் முன்பு ரத்து செய்தது. தேர்தல் டிசம்பர் 21 அன்று நடந்தது. மாநில அரசோ நீதிமன்றமோ சொல்லிச் செய்ததல்ல. அந்த ஆணையர்களை யார் நியமிப்பது என்பது அதனால்தான் பெரிய விஷயம். 2023 மார்ச்சில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவர் குழு என்றது உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை. டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் ஒன்றிய அமைச்சரை வைத்தது. மூவரில் இருவர் அரசு என்றால் நடுநிலைமேல் சந்தேகம் எழுவது இயல்பு.

நமக்குச் சட்ட மேலவை (சட்டமன்றத்தின் இரண்டாவது அவை) இல்லையே, அதனால் ஏதாவது குறைவா?

1986 நவம்பரில் அது போய்விட்டது. மசோதாவை இரண்டாவது முறை நிதானமாகப் படிக்க ஆளில்லை. பல மசோதாக்கள் கூட்டத் தொடரின் கடைசி நாட்களில் விரைவாக நிறைவேறுகின்றன. மேலவையைத் திரும்பக் கொண்டுவருவதைவிட மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு, அதாவது அவற்றை ஆராயும் உறுப்பினர் குழுவுக்கு, அனுப்பும் பழக்கம் வந்தால் நல்லது.

நாங்கள் நேரடியாகச் சட்டமன்றத்துக்கு மனு கொடுக்க முடியுமா?

முடியும். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. அமைச்சர் சபையில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறவில்லை என்றால் அதைக் கவனிக்க அரசு உறுதிமொழிக் குழு. தணிக்கைத் துறை அறிக்கைகளைப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு. வாக்குறுதி கொடுத்த தேதியும் அவைக் குறிப்பும் இருந்தால் உங்கள் எம்.எல்.ஏ. மூலம் எழுப்பச் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. அழைக்க வேண்டிய எண் 15100. புழலில் இருப்பவருக்காகக் கேட்டால் கைதி எண், வழக்கு எண், காவல் நிலையம், அடுத்த வாய்தா தேதி ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். குண்டாஸ் என்றால் உத்தரவு தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.